வராகனும் ரூபாயும்: ஆரணிச் சீமையின் இரு நாணயங்கள்

பட்டு நெசவால் பெயர்பெற்ற ஆரணி, மராத்திய ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த காலத்தில், ஆர்க்காட்டு நவாபின் வெள்ளி ரூபாயும் சோழமண்டலக் கரையின் பொன் வராகனும் ஒருங்கே புழங்கிய நிலப்பரப்பில் அமைந்திருந்தது. 1751 டிசம்பர் 3 அன்று இவ்வூரருகே பிரெஞ்சுக்காரரின் துணைபெற்ற ராசா சாகிபின் படையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி கிளைவ் முறியடித்தபோது, அவருக்குத் துணைநின்ற மராத்தியக் குதிரைப்படையின் கையில் சிக்கிய படைப்பணம் ஒரு லட்சம் ரூபாய். எனினும் சென்னையில் அக்கம்பெனியின் கணக்கேடுகள் அப்போதும் வராகனிலேயே எழுதப்பட்டன. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்திற்கு 80 காசு என்பது சென்னைக் கணக்கு.

ஒரு பக்கம் திருமாலும் மறுபக்கம் நட்சத்திரமும் பொறித்த 'நட்சத்திர வராகன்' கையால் அடிக்கப்பட்டது, ஏறத்தாழ 3.4 கிராம் எடையில் ஐந்தில் நான்கு பங்கே பசும்பொன். 1807இல் சென்னையில் இயந்திர நாணயச்சாலை தொடங்கியபின் வந்த இரட்டை வராகனோ, ஒரு முகத்தில் கோபுரமும் மறுமுகத்தில் திருமாலும் கொண்டு, ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் மதிப்பைச் சொன்னது. 22 காரட் பொன்னால் ஆனதால், பழைய வராகன் இரண்டின் பசும்பொன் முழுவதும் அதில் இருந்தும், எடை மட்டும் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே நின்றது. கம்பெனியார் கோயிலையும் தெய்வத்தையும் பொறித்ததைப் பக்தி என்று கொள்வதற்கில்லை. பழகிய உருவத்தையே சந்தை நம்பும் என்ற வணிகக் கணக்கே அதில் தெரிகிறது.

இரட்டை வராகன் முறையாக வெளியிடப்பட்ட பணமே. ஆயினும் அதன் ஆயுள் பெரிதாக நீளவில்லை. 1818இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாயைத் தன் அளவையாக ஏற்று, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று நிர்ணயித்தது. அக்கணக்கின்படி இரட்டை வராகனின் விலை ஏழு ரூபாய். 1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகள் அனைத்திற்கும் ஒரே ரூபாயை விதித்தது; சென்னை நாணயச்சாலையும் 1869இல் மூடப்பட்டது.