தேயிலையும் திரைப்படமும்

இலங்கைத் தேயிலையை உலகுக்குக் காட்டிய படங்கள் பல. தேயிலைத் தொழிலாளரைக் காட்டியவை சில. அத்தொழிலாளர் தம் மொழியிலேயே பேசக் கேட்டவை மிகச் சில. இந்நிலைக்குக் காரணம் தேடுமிடத்து, படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்னும் வினாவே முன் நிற்கின்றது.

இவ்வரலாற்றின் முன்னுரையில் ஊவாவுக்கும் ஓரிடம் உண்டு. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். அவருடைய விளம்பரங்களிலே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் இடம்பெற்றாள். அவள் பெயரோ, ஊரோ, நாட்கூலியோ வாங்குவோர்க்கு வேண்டியிருக்கவில்லை. பின்னர் வந்த படக்கருவி அந்த ஓவியத்துக்கு அசைவு தந்தது.

இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் செலவில் பசில் றைற் என்னும் ஆங்கிலேயர் இங்கு வந்து எடுத்த படமே 'சோங் ஒவ் சிலோன்'. ஜோன் கிரியேர்சன் தயாரித்த இப்படம் 1934இல் முடிந்து, மறு ஆண்டு பிறசல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. நான்கு சிறு விளம்பரப் படங்களாகத் திட்டமிடப்பட்டது ஒரே படைப்பாக உயர்ந்தமை றைற்றின் திறமைக்குச் சான்று. அதன் மூன்றாம் பகுதியில் கொழுந்து பறிக்கும் காட்சிகளின் மீது சந்தை விலையும் கப்பற் செய்தியும் கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. வணிகத்தின் மீது மென்மையாக வைக்கப்பட்ட விமரிசனம் அது எனக் கொள்ளலாம். பணம் கொடுத்த சபை இதனைப் பொறுத்துக்கொண்டது வியப்பே.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. படத்தின் விவரணம் பெரும்பாலும் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ற். நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தவர். அவர் காலத்தில் மலைநாட்டில் தேயிலைத் தோட்டமும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை. தோட்டத்துக்கென வந்த தமிழரும் இல்லை. ஆதலின் திரையில் உழைப்பவரைப் பற்றி அவர்தம் நூல் யாது கூறும்? கைகள் காணப்பட்டன, கைகளுக்குரியோர் வரலாறு கூறப்படவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. ஐந்து ஆண்டுகளின் பின் ஹொலிவூட்டார் 'எலிபன்ற் வோக்' படத்துக்காக இலங்கை வந்தனர். விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் ரெய்லர் அவ்விடத்தில் நடித்தார். படம் 1954இல் வெளிவந்தது. துரையின் பங்களா, துரைசானியின் மனக்கவலை, யானைகளின் சீற்றம் என்பன கதையாயின. தோட்டத்து மக்கள் கூட்டமாகவும், வாந்திபேதி கண்டவராகவுமே வந்து போயினர்.

இந்நாட்டில் உருவான முதல் தமிழ்ப்படம் 1962இல் 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்'. அடுத்த ஆண்டு வந்த 'தோட்டக்காரி' தன் பெயரிலேயே மலையகத்தைத் தாங்கியது. அதற்கு மறு ஆண்டில், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மலையகத்தார் தம் படத்தைத் தாமே தயாரிக்க முனைந்தமைக்குச் சிறந்த சான்று வி. பி. கணேசன். தொழிற்சங்கத் தலைவரும் நடிகருமான இவர் 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) ஆகியவற்றைத் தயாரித்தார். இவற்றிலே தென்னிந்தியப் படங்களின் சண்டையும் பாட்டும் மிகுதி எனக் குறை கூறுவோர் உளர். குறை மெய்யே. ஆனால் எம். ஜி. ஆர். படம் பார்க்கத் தோட்டத்திலிருந்து பதுளை நகருக்கு நடந்துவந்த மக்களை வேறெந்த நடையில் அழைத்திருக்க இயலும்? கம்பனிகளின் தோட்டங்களை அரசு பொறுப்பேற்ற அதே 1975இல், தொழிற்சங்கவாதி ஒருவர் தம் மக்களின் தமிழைத் திரைக்குக் கொணர்ந்தார் என்பதே இங்கு எடைபோடத்தக்கது.

1983 யூலைக் கலவரத்தில், பதுளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்த அதே வாரத்தில், கொழும்பை அடுத்த ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் தீக்கிரையாயின. பிரசாரச் சபையின் படமோ பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் சேமிப்பில் இன்றும் இருக்கின்றது.