வளரிளம் பருவப் புதினமும் உண்மை என்னும் உரிமைகோரலும்

அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினர்க்கென எழுதப்பெற்ற புதினங்கள் 1960கள் வரை பெரும்பாலும் பள்ளி விளையாட்டு, முதற்காதல், நடன விருந்து ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. வறுமை, வன்முறை, போதைப்பழக்கம், தற்கொலை ஆகியன அருகியே இடம்பெற்றன. இந்நிலையை மாற்றிய நூலாக எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) கருதப்படுகின்றது.

ஓக்லஹோமா மாநிலத் துல்சா நகரில் பள்ளியில் பயின்ற காலத்திலேயே ஹின்டன் இதனை எழுதினார்; நூல் வெளிவந்தபோது அவர்தம் அகவை 18. செல்வர்வீட்டு இளைஞர்க்கும் ஏழை இளைஞர்க்கும் இடையிலான மோதலைப் பெற்றோரை இழந்த 14 வயதுச் சிறுவனே எடுத்துரைக்கின்றான். வகுப்பில் இடப்பட்ட கட்டுரைப் பணிக்காக அவன் எழுதத் தொடங்குவதே அக்கதை என்பது நூலின் இறுதியில்தான் புலப்படும். பெண் எழுதியது எனத் திறனாய்வாளர் ஒதுக்கிவிடக்கூடும் எனக் கருதிய பதிப்பகத்தார் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளையே அச்சிட்டனர். மறைக்கப்பட்டது பெயர் மட்டுமே, பட்டறிவு அன்று.

1971இல் வெளிவந்த 'கோ ஆஸ்க் ஆலிஸ்' இதற்கு நேர்மாறானது. போதைப்பொருளுக்கு ஆட்பட்ட பதின்ம வயதுப் பெண்ணின் மெய்யான நாட்குறிப்பாகவே, ஆசிரியர் பெயரின்றி, அது விற்கப்பட்டது. விருந்தொன்றில் குளிர்பானத்தில் கலந்து தரப்பட்ட போதைப்பொருளே அவள் வீழ்ச்சிக்குத் தோற்றுவாய். இனி நாட்குறிப்பு வேண்டா என அவள் முடிவுசெய்த மூன்று வாரங்களில் இறந்தாள் எனப் பின்னுரை கூறும். இவ்விரைவில் சிறுமியின் குரலினும் பெரியோரின் எச்சரிக்கையே மிகுதியும் ஒலிக்கின்றது. பின்னர் பியாட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்னும் அம்மையார் தம்மை அதன் பதிப்பாசிரியர் என வெளிப்படுத்திக்கொண்டார். பதிப்புரிமைப் பதிவோ அவரையே ஆசிரியராகக் காட்டுகின்றது. பிற்பதிப்புகளில் இது புனைகதை என்னும் குறிப்பும் சேர்ந்தது. எச்சரிக்கவே எழுந்த இந்நூலையும் நியூயார்க் மாநில ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் 1976இல் நூலகத்தினின்று அகற்றியது. மாணவர் தொடுத்த வழக்கு 1982இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது.

இவ்வழியின் விளைவை ஸ்பார்க்ஸ் 1979இல் வெளியிட்ட 'ஜேஸ் ஜர்னல்' நன்கு காட்டும். இதன் பின்னணியில் மெய்யாகவே ஒரு சிறுவன் இருந்தான். யூட்டா மாநிலத்தில் தற்கொலை செய்துகொண்ட அவனது நாட்குறிப்பை, பிற சிறார்க்கேனும் பயன்படட்டும் என்று தாயே ஸ்பார்க்ஸிடம் ஒப்படைத்திருந்தார். அச்சான நூலில் மகன் எழுதியவை மிகச் சிலவே எனவும், பேய்வழிபாடு பற்றிய பகுதிகள் அவனுடையன அல்ல எனவும் குடும்பத்தார் தெரிவித்தனர். நூலில் பெயர் மாற்றப்பட்டிருந்தும், அவன் யாரென்பதை ஊரார் அறிந்துகொண்டனர்.