மிக்ஸியும் கிரைண்டரும் அமெரிக்கா போன கதை

பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும்போது மிக்ஸியோடு ஒரு டிரான்ஸ்பார்மரையும் சுமந்த தலைமுறை நம்முடையது. இங்கே 230 வோல்ட், அங்கே 120. ஏன் இப்படி என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

1882-இல் எடிசன் நியூயார்க்கில் மின்சாரம் விற்க ஆரம்பித்தபோது, அவருடைய கார்பன் இழை பல்புக்கு 110 வோல்ட் தோதாக இருந்தது. அமெரிக்கா ஏறக்குறைய அதிலேயே நின்றுவிட்டது. பெர்லின் மின்சாரக் கம்பெனியோ 1899-இல் 220-க்கு மாறியது. வோல்டேஜ் இரட்டித்தால் கரண்ட் பாதி போதும். செம்புக் கம்பிச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் வாடிக்கையாளர்களின் பல்பு, மோட்டாரை மாற்றும் செலவையும் கம்பெனியே ஏற்றதாம். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்!

இன்னொரு வில்லங்கம், அங்கே 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை ஏற்றித் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், அதற்குக் கவலையில்லை. கிரைண்டரில் இண்டக்‌ஷன் மோட்டார். ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும்.

மகள் வீட்டில் என் மனைவி முதல் ஈட்டிலேயே சொல்லிவிட்டாள்: "கல்லு தலைதெறிக்கச் சுத்துது, மாவு சுடுது." மறுநாளிலிருந்து ஐஸ் தண்ணீர் தெளித்துத்தான் உளுந்து ஆட்டினாள்.