துணிச்சுற்றும் தூளியும்: தமிழர் மரபில் பச்சிளங்குழந்தையின் உறக்கம்

பிறந்த குழந்தையைத் துணியால் சுற்றி உறங்க வைத்தல் பல நாகரிகங்களுக்கும் பொதுவான வழக்கம். தமிழ் மரபில் குழந்தையின் உடலை இறுகக் கட்டுவதைவிட, அவ்வுடலைத் தாங்கும் துணியைக் கட்டுவதே முதன்மை பெற்றது என்பதை இக்கட்டுரை இலக்கியச் சான்றின்வழி எடுத்துரைக்கிறது.

ஒப்பீட்டிற்கு ஐரோப்பிய மரபைக் கருதலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் சொரானசு, குழந்தையின் உறுப்புகள் செவ்விய வடிவில் அமைய அவற்றைப் பட்டைத் துணிகளால் சுற்றும் முறையை விரித்துரைத்தார். இறுகச் சுற்றும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1748இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கடோகனும், 1762இல் 'எமில்' நூலில் ரூசோவும் அதனைக் கண்டித்தனர்.

தமிழில் இத்தகைய விவாதத்தைக் காண்பது அரிது. அதற்கு இலக்கிய வகைமையின் அமைப்பும் ஒரு காரணம். குழந்தைப் பருவத்தைப் பாடும் பிள்ளைத்தமிழ், பாட்டியல் மரபின்படி 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரையிலான காலத்தையே எல்லையாகக் கொள்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி வளர்ந்த இவ்வகைமையில், துணிச்சுற்று மிகுதியும் தேவைப்படும் முதலிரு திங்கள்களுக்குத் தனிப் பருவம் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் அரிய சான்று, காலத்தால் முந்திய பெரியாழ்வார் திருமொழியின் முதல் பதிகம். கண்ணன் பிறந்த வீட்டைப் பாடும் அப்பதிகத்தில், யசோதை குழந்தையின் கைகால்களை நிமிர்த்தி மெல்ல நீராட்டுகிறாள்; மஞ்சளால் நா வழிக்கிறாள். அதே பதிகத்தில், தொட்டிலில் கிடத்தினால் அது கிழியும்படி உதைக்கிறான் என்ற முறையீடும் இடம்பெறுகிறது. தெய்வக் குழந்தையின் ஆற்றலைக் கூறும் மிகை இது எனினும், அக்கற்பனை கால்கள் கட்டப்படாத கிடக்கையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. உறுப்புகளை நிமிர்த்துதல் நீராட்டும் பொழுதுக்கு உரியது. உறக்கத்தில் கால்கள் இயல்பாக இயங்கின எனக் கொள்ளலாம். கிழிதல் என்னும் வினை துணித் தொட்டிலை நினைவூட்டுவதும் கருதத்தக்கது.

தூளி, ஏணை என வழங்கும் துணித் தொட்டில், வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் உள்ளிட்ட பகுதிகளில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் அறியப்பட்டதாகும். பலமுறை துவைத்து மென்மையான பருத்திப் புடவையை உத்திரத்தில் கட்டி, துணி மூடிக்கொள்ளாதபடி இடையே ஒரு கட்டையைச் செருகுவர். துணியின் வளைவில் குழந்தை முழங்கால் மடங்கிய நிலையில் கிடக்கும். கட்டின்றியே அரவணைப்பு கிட்டுகிறது.

இவ்வேறுபாடு மருத்துவ நோக்கிலும் பொருளுடையது. இடுப்பையும் முழங்காலையும் நீட்டிக் கட்டுவது இடுப்பு மூட்டு விலகலுக்கு வழிவகுக்கும் என்பதால், 1975இல் ஜப்பானில் அதற்கெதிரான நாடு தழுவிய பரப்புரை மேற்கொள்ளப்பட்டது. அதன்பின் அங்கு அக்குறைபாடு பெரிதும் குறைந்தது. துணியால் சுற்றினாலும் கால்கள் மடங்கி விரிய இடமிருக்க வேண்டும் என்பதே இன்றைய அறிவுரை. ஆயினும் தூளி முற்றிலும் தீங்கற்றது எனல் இயலாது. வளைந்த கிடக்கையில் முகவாய் மார்பின்மேல் கவிழ்ந்து மூச்சுப்பாதை குறுகக்கூடும். ஆகவே சமதளமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து கிடத்துமாறும், குழந்தை புரள முற்பட்டதும் துணிச்சுற்றை நிறுத்துமாறும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது.

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிறப்புகள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. மருத்துவச்சியும் பாட்டியும் கைப்பழக்கமாகக் கற்பித்ததை இன்று செவிலியர் சொல்ல வேண்டியுள்ளது. இறுகக் கட்டும் மரபுக்கு எதிராக எழுந்த எச்சரிக்கையை மட்டும் தூளி மரபினரிடம் கூறுவது போதாது. கால்களுக்கு இயக்கம் தந்த மரபின் அறிவை ஏற்று, மூச்சுப்பாதை பற்றிய புதிய அறிவை அதனோடு சேர்த்துரைப்பதே பொருத்தமாகும். அதற்கு இம்மரபின் வரலாற்றை அறிதல் முதற்படியாகும்.