இஸ்திஸ்கா: நீர் கேட்கும் நோய்

மழை வேண்டித் தொழும் தொழுகைக்கு இஸ்திஸ்கா என்று பெயர். நீர் வேண்டுதல் என்பது அதன் பொருள். அறபு மருத்துவ நூல்கள் இப்பெயரையே மகோதர நோய்க்கும் சூட்டின. இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில், வயிற்றில் நீர் தேங்கும் வகையை ‘ஸிக்கீ’ என்கிறார். ஸிக் என்றால் தோற்பை. கிரேக்கர் இட்ட பெயரும் தோற்பையைக் குறிப்பதே.

தேங்கிய நீரைத் துளையிட்டு இறக்கும் முறையை நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையும், அந்தலூசியாவின் அஸ்ஸஹ்ராவியும் விளக்கியுள்ளனர். முழுவதையும் ஒரே வேளையில் இறக்கலாகாது என்பதே இருவரின் எச்சரிக்கையும். இன்றைய மருத்துவர்கள் 5 லிட்டருக்கு மேல் இறக்கும்போது, லிட்டருக்குச் சுமார் 8 கிராம் அல்புமின் என்னும் புரதத்தை இரத்தக்குழாய் வழியே ஏற்றி அந்த ஆபத்தைத் தடுக்கின்றனர்.

நோயின் பெயர் நீரைச் சுட்டினாலும், இல்லத்தார் அஞ்சவேண்டியது உப்பையே. ஈரல் சுருங்கியவரின் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாது தேக்குகிறது. உப்புடன் நீரும் தங்குகிறது. ஆகவே நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராம் அளவே உப்புத் தகும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகா. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் உணவுக்கூடங்களில் உண்போர்க்கு இக்கணக்கு எளிதன்று; வீட்டிலிருந்து கட்டித்தரும் சோறே அவர்க்குத் துணை. காய்ச்சலோ, வயிற்றுவலியோ, அறிவுத் தடுமாற்றமோ கண்டால் அன்றே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.