கொங்கு மலைக் குந்துருக்கம்

அஷ்டவிதார்ச்சனைப் பொருள்களுள் தூபமும் ஒன்று. எண்வினைகளும் எரிந்தொழிதலை அது குறிக்கும். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் ஜினாலயமும், பவணந்தி முனிவரின் ஊரெனக் கருதப்படும் சீனாபுரமும் கொங்கில் சமணம் தழைத்தமைக்குச் சான்றுகள்.

அந்நாட்டு வறண்ட மலைக்காடுகளில் வளரும் குந்துருக்க மரத்தின் பிசின், பறங்கிச் சாம்பிராணி எனவும் வழங்கும். அரபு நாட்டுச் சாம்பிராணி மரத்திற்கு இஃது இனமாகும். பிசினை நீராவியால் வடித்தால் நறுமண எண்ணெய் கிடைக்கும். வீக்கந்தணிக்க உதவுமென ஆராயப்படும் பாசுவெல்லிக் அமிலங்களோ ஆவியாகாது பிசினிலேயே தங்கிவிடும். ஆதலின் எண்ணெயின் சிறப்பு மணமே. அதனை மருந்தெனப் பருகுதல் தகாது.

பட்டையைச் சீவியே பிசின் எடுப்பர். மிகுதியாகச் சீவப்படும் மரத்தில் முளைக்கும் விதைகள் குறைதலை எரித்திரியாவில் இவ்வின மரங்களை ஆராய்ந்தோர் கண்டனர். மரமும் ஓரறிவுயிரே. வினையெரிக்கும் தூபம் புதுவினை சேர்க்கலாகாது. அளவான தூபமே அறநெறிக்கு ஏற்றது.