குறியின்மையும் ஒரு குறியே: நெய்யாற்றின்கரைக் காசுகளை முன்வைத்து

எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. அவ்வின்மையே அதனைப் பிற வேற்றுமைகளினின்று பிரித்துக் காட்டுகிறது. இன்றைய இந்திய நாணயங்களிலும் இவ்வியல்பு உண்டு. மும்பை நாணயச்சாலை வைர வடிவத்தையும், ஐதராபாத் விண்மீனையும், நொய்டா புள்ளியையும் ஆண்டுக்குக் கீழே பொறிக்கின்றன. கொல்கத்தா எக்குறியும் இடுவதில்லை. ஒரே ஆண்டில் வெளிவந்த ஒரே வகை நாணயத்துள் ஒரு சாலையினது அரிதாயின், சேகரிப்போரிடையே அதன் விலை உயர்கிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் புழங்கிய திருவிதாங்கூர்க் காசுகளுக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அது தனிக் கணக்குமுறை: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சமஸ்தான ரூபாய். பிரித்தானிய ரூபாய்க்கோ 28½ சக்கரம். பல சாலைக் குறிகள் எதிரெதிர் நிற்கும் ஒழுங்கு இல்லாதபோது குறியின்மைக்குப் பொருளில்லை. கொல்லம் ஆண்டும், ‘ஆர்.வி.’, ‘பி.ஆர்.வி.’ என்னும் மன்னர் பெயரின் தலைப்பெழுத்துகளுமே இங்கு வகை பிரிக்கின்றன. காசில் 1114 என்றிருந்தால் அது 1938-39.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் ஒரே காசு கிடைப்பது, அதற்கு முந்தைய ஒரே புழக்கத்தின் சான்று. ‘குறியில்லாக் காசுக்கு இலட்சம்’ என்னும் பேச்சை நம்பிக் கைமாற்றும்போது, கிடைத்த ஊர் எதுவென்ற செய்தியே முதலில் அழிகிறது. ஆகவே விற்குமுன் ஊர், ஆண்டு, எடை ஆகியவற்றைக் குறித்து, இருபக்கமும் படமெடுத்து வையுங்கள்.